அண்ணன் வாய்க்கு ஒரு மவுத்பீஸ்

திருவண்ணாமலையில் வாய்விட்டுச் சிரிக்கிற பெரியவர்களில் நிறைய பேருடைய பல்வரிசை என் கையில் உருவானது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் பிழைப்பு அதுதான். பெரிய தெருவிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. கீழே டாக்டரம்மா வருகிறவர்களின் வாயில் அச்சு எடுப்பார். மாடியில் இருக்கும் சின்ன லேபில் நான் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் கட்டி, அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கீழே அனுப்புவேன். ஆள் மேலே வரமாட்டார், வாய் மட்டும்தான் வரும். எனக்கு அது வசதி. எனக்குச் சட்டென்று கோபம் வரும், மனிதர்களோடு ஒத்துப்போவது கொஞ்சம் கம்மி.

ஆளும் வாயுமாகச் சேர்ந்து படியேறி வருகிற ஒரே கிராக்கி என் அண்ணன்தான்.

அவர் பட்டாளத்தில் பைப் பேண்டில் இருந்தவர். ஓய்வு பெற்றுக் கீழ்பென்னாத்தூருக்கு வந்ததும், தன்னைப்போலவே பட்டாளத்திலிருந்து வந்த சிலரைச் சேர்த்து ஒரு பேண்டு வைத்தார். பேக்பைப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இடது கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொள்வார்கள். பையிலிருந்து தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் குழல்கள் விடாமல் சுருதி போடும். மார்புக்கு முன்னால் தொங்கும் குழலில் விரல் வைத்து வாசிப்பார்கள். பைக்குக் காற்றுக் கொடுக்க ஓர் ஊதுகுழாய் வாய்க்கு வரும். மாப்பிள்ளை அழைப்பு, பள்ளிக்கூட விளையாட்டு விழா, அடி அண்ணாமலைப் பக்கத்துத் திருவிழா என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். பட்டாளத்தில் இருந்தவர் யாராவது இறந்துவிட்டால் மட்டும் கூப்பிடாமலே போவார்கள். அந்த ஊர்வலத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்து மெதுவான ஒரு மெட்டை அண்ணன் ஊதிக்கொண்டு போவார்.

"நம்ம ஆளுங்கள நாமதான் அனுப்பி வெக்கணும், பாப்பா" என்பார். காதோரம் நரைத்த பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான்.

ஊதுகுழாயின் நுனியில் இருப்பது மவுத்பீஸ். விரல் நீளம்தான் இருக்கும். ஒருவருடைய பை பழுதானால் இன்னொருவருடையதை வாங்கி ஊதிவிடலாம், மவுத்பீஸை வாங்க முடியாது. அது எச்சில் சமாசாரம். நிகழ்ச்சி முடிந்ததும் அவரவர் மவுத்பீஸைக் கழற்றி, கழுவி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். வீட்டுச் சாவியை மறந்தாலும் அண்ணன் அதை மறக்கமாட்டார்.

வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கியிருந்த நேரத்தில் அவர் லேபுக்கு வந்தார். மேல்வரிசையில் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பக்கத்துப் பல்லும் ஆடிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைப் பிரித்து, கடையில் வாங்கிய கறுப்பு மவுத்பீஸை மேசைமேல் வைத்தார்.

"இது வாயில நிக்க மாட்டேங்குது பாப்பா. பல்லு போன எடத்துல வழுக்கிட்டுப் போவுது. ஊருக்கே பல்லு செய்யற, எனக்கு இதச் செஞ்சு குடு."

"பல்லக் கட்டிக்கோ. மவுத்பீஸு தானா நிக்கும்."

"கட்டுன பல்லால இதக் கடிச்சா கையோட கழண்டு வந்துடும். சீசன் முடியட்டும், பாக்கலாம்."

நான் அதுவரை மவுத்பீஸைப் பற்றி யோசித்ததே இல்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. இதைச் செய்தவன் ஒரு மனித வாயைக்கூடப் பார்த்திருக்கமாட்டான் போல. உதடு என்ன உருண்டையாகவா மூடுகிறது? நடுவில் தடித்து, ஓரங்களில் மெலிந்து கூடுகிறது. அதற்குள் உருளையான குழாயைச் செருகினால் இரண்டு ஓரங்களிலும் சந்து விழாமல் என்ன செய்யும்? நடக்கும்போது வாயிலேயே உருளும். வெளிப்புறம் கொஞ்சம் தட்டையாக இருக்கவேண்டும். பல் உட்காரும் இடத்தில் மேலும் கீழும் ஒரு சின்னப் பள்ளம் வேண்டும். பள்ளத்துக்கு அப்பால் ஒரு மெல்லிய விளிம்பு வேண்டும், இறுக்கிக் கடிக்காமலே பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள. இறுக்கிக் கடிக்கிறவனுக்குத் தாடை வலிக்கும், தாடை வலித்தால் உதடு தளரும், அத்தோடு காற்று போயிற்று.

உள்துளை பற்றி அண்ணன் சொன்னார். வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே அகலமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கவேண்டுமாம். நுழைகிற இடத்தில் விளிம்பு கூர்மையாக இருந்தால் காற்று அங்கேயே திணறும், ஊதுகிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும். நீளத்தில் ஒரு விரற்கடை குறைந்தால் தலை குனியும், கூடினால் கழுத்து பின்னால் சாயும். நிமிர்ந்து நடக்கிறவனுடைய வாய்க்கு அது தானாக வந்து சேரவேண்டும். மூச்சை இழுக்கும்போது பையில் இருக்கும் காற்று வாய்க்குத் திரும்பி வராமலிருக்க ஊதுகுழாயின் அடியில் ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை. மரை இருக்கும் கீழ்ப்பாதியைப் பழையதிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்வது, வாய்க்குள் போகும் மேல்பாதியை மட்டும் நான் அக்ரிலிக்கில் செய்து அதில் இணைப்பது என்று முடிவானது.

"செஞ்சு முடிச்சதும் எப்படிப் பாக்கறது?" என்று கேட்டேன்.

"கீழ் ஓட்டையக் கட்டவெரலால அடைச்சிக்கிட்டு ஊதணும். காத்து எங்கயும் போவக் கூடாது. பக்கத்துல ஒருத்தர் உதட்டோரமா உள்ளங்கைய வெச்சுப் பாக்கணும். ஊதறவனுக்கு அவன் வாய் ஒழுகறது தெரியாது."

முன்பல் போனதிலிருந்து அவர் மவுத்பீஸை இடது ஓரத்துக்குத் தள்ளிக் கடித்துப் பழகியிருந்தார். அதனால் அந்தப் பக்கத்துக் கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒட்டி உட்காரும்படி ஒரு சின்ன இறக்கை வைத்தால் பல்லின் உதவி இல்லாமலே நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. பல்செட்டில் நாங்கள் செய்வது இதைத்தானே. அதற்கு அவர் வாயின் அச்சு வேண்டும். டாக்டரம்மா அன்று வெளியூர் போயிருந்தார். மவுத்பீஸுக்குத்தானே என்று நானே எடுத்தேன். பிங்க் பவுடரைக் கலக்கி ட்ரேயில் வைத்து வாய்க்குள் அமுக்கினேன். நான் வாயைப் பார்த்துப் பழகியவள் இல்லை, அச்சைப் பார்த்துப் பழகியவள்.

பிளாஸ்டர் இறுகி, அச்சிலிருந்து பிரித்தபோது இடது பக்கத்து ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் சொரசொரப்பாக ஒரு சின்ன மேடு இருந்தது. இது தினமும் நடப்பது. பவுடரைக் கலக்கும்போது காற்றுக் குமிழ் சிக்கினால் அச்சில் குழி விழும், பிளாஸ்டரில் அதுவே மேடாக முளைக்கும். என் வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கத்தியால் சீவிவிட்டு அடுத்ததைப் பார்க்கவேண்டியதுதான். நானும் சீவினேன். சீவிய இடத்தை விரலால் தடவி, வழுவழுப்பாகிவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அதன்மேல் மெழுகில் வடிவம் கட்டினேன். துளைக்காக நடுவில் ஒரு கம்பியை வைத்து அக்ரிலிக் மாவை அடைத்து, வெந்நீரில் மெதுவாக வேகவைத்தேன். அவசரப்பட்டால் மாவில் கலந்திருக்கும் திரவம் முழுதாக இறுகாது, வாயில் எரியும். கம்பியை உருவி, துளையைத் தேய்த்து, நுழைவாயை வளைவாக்கிப் பாலிஷ் போட்டதும் எனக்கே பிடித்துப்போனது. அத்தனை அழகாக இருந்தது.

அண்ணன் வந்தார். வாயில் வைத்து, கீழே கட்டைவிரலால் அடைத்து ஊதினார். நான் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்தேன். வலது ஓரத்தில் ஒன்றுமில்லை. இடது ஓரத்தில் காற்று வந்து கையில் பட்டது.

"உறுத்துது" என்றார். "கொஞ்சம் எரியுது."

எரிகிறதென்றால் வேகவில்லை என்று அர்த்தம். என் வேலையில் அப்படித்தான். மறுபடியும் வெந்நீரில் போட்டு வைத்தேன். உறுத்துகிற இடத்தில் இறக்கையைத் தேய்த்தேன். அடுத்த முறை வந்தபோது காற்று இன்னும் ஜாஸ்தியாக வந்தது, எரிச்சலும் நிற்கவில்லை. எனக்கு என்மேலேயே கோபம். ஊரில் பல்லே இல்லாத வாய்களில் நான் செய்தவை அசையாமல் உட்காருகின்றன, சொந்த அண்ணனின் வாயில் விரல் நீளத் துண்டு ஒன்று உட்காரமாட்டேன் என்கிறது.

"அச்சுதான் சரியில்ல. மறுபடியும் எடுக்கறேன், ஒழுங்கா வாயத் தொற" என்று அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

இந்த முறை ஒரு குமிழ்கூட வரக் கூடாது என்று பவுடரைக் கிண்ணத்தின் சுவரோடு அழுத்தி அழுத்திக் கலக்கினேன். பிளாஸ்டர் ஊற்றும்போது தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றினேன். அவர் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். பிளாஸ்டர் இறுகிய பிறகு பிரித்தேன்.

அதே இடத்தில் அதே மேடு இருந்தது.

கை பழக்கத்தில் கத்தியை எடுத்துவிட்டது. வைத்துக்கூட விட்டேன், கத்தி முனை அந்த மேட்டின்மேல் இருந்தது. காற்றுக் குமிழ் எங்கு வேண்டுமானாலும் வரும், ஆனால் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இரண்டு முறை வராது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். தேய்க்கிற மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததைக்கூட அப்புறம்தான் கவனித்தேன்.

டாக்டரம்மாவிடம் அண்ணன் வாயின் அந்தப் பிளாஸ்டர் அச்சைக் காட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"புகையிலை போடுவாரா?"

பட்டாளத்தில் ராத்திரிக் காவலில் தூக்கம் வராமலிருக்கப் பழகியது. தூளை இடது கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்வார். விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார், நாங்களும் நம்பியிருந்தோம்.

"நேர்ல பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா தள்ளிப் போடாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். நான் சுற்றிவளைத்து, அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன்.

"எங்க சாப்பிடறாரு? பொங்கல்லேருந்து காரமே ஆவல. ரசத்துக்குக்கூடத் தண்ணி ஊத்திக்கறாரு. கேட்டா வயித்துப்புண்ணுங்கறாரு. ஏம்மா, இன்னா விஷயம்?"

என்னால் போனில் சொல்ல முடியவில்லை. அவரை அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் மவுத்பீஸ் தயார் என்று நினைத்து வந்தார். முதல் அச்சை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். "இது மொதல்ல எடுத்தது. இங்க இருந்தத நான் சீவிட்டேன். இது இப்ப எடுத்தது. அதே எடம்" என்றேன். அவர் அந்த மேட்டின்மேல் விரல் வைத்துத் தடவினார். தடவும்போதே அவருடைய இடது கன்னம் உள்ளிருந்து லேசாகப் புடைத்தது. நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். அவருக்கு இது தெரியும், வெகுநாளாகவே தெரியும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"ஆடி பொறக்கட்டும் பாப்பா" என்றார். "ஆடியில கல்யாணம் இல்ல. அப்பப் போயிக் காட்டறேன். இப்ப எல்லா முகூர்த்தத்துக்கும் ஒத்துக்கிட்டேன். பசங்க என்னை நம்பித்தான் இருக்கானுங்க."

"ஆடி வர்ற வரைக்கும் அது சும்மா இருக்குமா? உன் பேண்டுல அதையும் சேத்துக்கிட்டியா?"

"என் மவுத்பீஸக் குடு."

"குடுக்க மாட்டேன்."

பழைய மவுத்பீஸை நான் வெட்டியிருந்தேன். வேறு ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பயத்தில் கத்தினேன், கோபமென்று அவர் நினைத்திருப்பார்.

அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் பேண்டு வேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தது. அழைப்பில்லாத கல்யாணத்துக்கு நானும் போய், ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை காருக்கு முன்னால் அவர்கள் வரிசையாக வந்தார்கள். கடையில் வாங்கிய புது மவுத்பீஸை அண்ணன் வலது ஓரத்துக்கு மாற்றியிருந்தார், இடது பக்கத்தைத் தொடாமலிருக்க. அந்த ஓரம் அவருக்குப் பழக்கமில்லை. சுருதி இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. கல்யாண வீட்டார் யாரும் கவனிக்கவில்லை, செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய ஆட்கள் கவனித்தார்கள். பக்கத்தில் வந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பாட்டின் நடுவில் அண்ணன் மவுத்பீஸை வாயிலிருந்து எடுத்தார். அத்தனை வருஷத்தில் அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. பை மெல்லத் தளர்ந்து, குழல்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. கைக்குட்டையை வாயில் வைத்துத் துடைத்தார். மடிக்கும்போதுதான் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் கிளினிக்கைத் திறப்பதற்கு முன்பே அண்ணியோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. டாக்டரம்மா கையோடு சீட்டு எழுதி அனுப்பினார். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இடது கன்னத்தின் உட்புறத்தையும் கீழ்த்தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, மார்பிலிருந்து சதையை எடுத்து வைத்துத் தைத்தார்கள். அப்புறம் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். நல்ல வேளை, கழுத்துக்கு இறங்குவதற்குள் வந்தீர்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். ஊதலாமா என்று அண்ணன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். முதலில் சாப்பிடப் பழகுங்கள் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அந்தத் தாளை அண்ணன் கசக்கவில்லை, மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பேச்சு குழறலாக வந்தது. பழகிய எங்களுக்குப் புரியும். வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. ஆடி போய், ஆவணி முகூர்த்தங்களும் போயின. பேண்டு அவர் இல்லாமலே ஓடியது.

மழைக்காலத்தில் அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் இறந்துபோனார். பேண்டு போனது. அண்ணனும் சீருடை போட்டுக்கொண்டு போனார், பைப் இல்லாமல். முன்னால் நடக்கவேண்டியவர் ஊர்வலத்தின் கடைசியில், குடை பிடித்த ஜனங்களோடு நடந்து வந்தாராம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி சொல்லி அழுதார்.

அந்த வாரமே இரண்டு பேரும் லேபுக்கு வந்தார்கள். அண்ணன் சுண்டு விரலை வாய்க்குள் வைத்துக் காட்டி, அந்த விரலையே என் மேசைமேல் வைத்தார். இவ்வளவுதான் இடம், இதற்குள் செய் என்கிறார்.

ட்ரே அந்த வாய்க்குள் போகாது. மெழுகை இளக்கி, என் விரல் நுனியால் உதட்டுக்குள் மெல்ல ஒற்றி ஒற்றித்தான் அளவு எடுத்தேன். இந்த முறை டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பையும் பார்த்தேன். தைத்த சதைக்குக் கன்னத்தின் குணம் இல்லை, அது அசையாது, சுருங்காது. உதடு அந்தப் பக்கம் முழுதாக மூடாது. மவுத்பீஸ்தான் மூடவேண்டும். மெழுகைக் கரண்டி நுனியைப் போல மெலிதாகத் தட்டினேன். துளையை வட்டமாக வைக்க இடமில்லாததால் பக்கவாட்டில் அகலமாக்கினேன். இடது பக்கம் உதட்டுக்கு வெளியே ஒரு சின்ன மடல் வைத்து, அதன்மேல் மெத்தென்ற ரப்பரை ஒட்டினேன். பல்லால் கடிக்க ஒன்றும் வைக்கவில்லை, அந்தப் பக்கம் கடிக்கப் பல்லும் இல்லை. செய்தேன், பிடிக்காமல் உடைத்தேன், மறுபடியும் செய்தேன். டாக்டரம்மா பல்செட் வேலை தேங்குகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அண்ணன் வாயில் வைத்துப் பார்த்தார். உள்ளே போனது. உறுத்தவில்லை என்று தலையாட்டினார். கீழ்த்துளையைக் கட்டைவிரலால் அடைத்தார். நான் உள்ளங்கையை அவர் இடது கன்னத்தோரம் கொண்டுபோனேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதினார்.

அறுத்த பக்கத்தில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. சோறு ஓரத்தில் ஒழுகினாலும் அண்ணி சொன்னால்தான் தெரியும். காற்று கசிகிறதா இல்லையா என்பது என் உள்ளங்கைக்கு மட்டும்தான் தெரியும். அண்ணி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். காற்று வரவில்லை என்று சொல்லிவிடு என்று அவர் கண்கள் என்னைக் கெஞ்சின.

"வருதா?" என்றார் அண்ணன்.

"வருதுண்ணா" என்றேன். "ஜாஸ்தியாவே வருது."

அவர் மவுத்பீஸை எடுத்து, கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார். சட்டைப் பை வரை கை போனது. அங்கே போடாமல், என் மேசைமேல் மெழுகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் உட்காருகிற ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"அப்ப தேய்" என்றார்.